என் தொப்பையைப் பதம் பார்த்தவர்

கள்ளக்குறிச்சியில் 'பதம்' விரல் படாத இட்லி கிடையாது.

லாட்ஜில் என் அறைக்கூட்டாளி அவர். சொந்த ஊர் எலவனாசூர்கோட்டை. 'பதம்' நாங்கள் வைத்த பட்டப்பெயர். சொந்தப் பெயரும் உண்டு. சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டார்.

அறுந்த தண்டுவடத்துக்குள் வைக்கும் ஒரு பசையை ஆய்வுக்கூடத்தில் எலிகளிடம் சோதித்துக்கொண்டிருந்தார். அது நரம்பைப் போலவே மெத்தென்று இருக்க வேண்டுமாம். அதனால் நுங்கு, அல்வா, தலையணை என்று கண்ணில் பட்டதையெல்லாம் குத்திப் பார்ப்பார். தியாகதுருகம் பஸ்ஸில் கண்டக்டர் கன்னத்தைக் குத்திவிட்டு, "மன்னிச்சுக்குங்க, கொஞ்சம் ஜாஸ்தி கெட்டி" என்றார். இருவரையும் இறக்கிவிட்டார்கள். நான் செய்த குற்றம், பக்கத்தில் உட்கார்ந்தது.

ஒரு மத்தியானம் தூங்கிக்கொண்டிருந்த என் தொப்பையில் விரல்.

"அசையாதீங்க! இத்தினி நாளா தேடிக்கினு இருந்த பதம் இதான்!"

விஞ்ஞானத்துக்கு நான் ஆற்றிய ஒரே தொண்டு. அதன்பின் நான் அரை இட்லி குறைத்தாலும் கோபித்துக்கொள்வார்.

நாங்கள் தினமும் சாப்பிடும் இட்லிக் கடை லாட்ஜுக்குக் கீழேயே இருந்தது. கடைக்காரரை எல்லோரும் மேஸ்திரி என்போம். கல்வராயன் மலைக்காரர். கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்ததிலிருந்து சக்கர நாற்காலிதான். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை.

"இன்னா சார், தெனமும் இட்லிய நோண்டிக்கினு?"

"நரம்புக்குச் சாரம் கட்டப் பாக்கறேன், மேஸ்திரி. அறுந்த எடத்துல பசைய வெச்சா, அதப் புடிச்சிக்கினு நரம்பு ஏறி வரணும். அப்பால சாரம் தானா கரைஞ்சிடணும்."

மேஸ்திரி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "சாரத்துலேர்ந்து வுழுந்தவனுக்கு மறுபடியும் சாரமா!" சிரிப்பு அடங்கியதும் கேட்டார்: "எனக்குக் கட்டுவீங்களா சார்?"

'ஆமாம்னு சொல்லுங்க' என்று நான் பதத்தின் காலை மிதித்தேன். அவர் காலை இழுத்துக்கொண்டார்.

"இப்ப எலிக்குத்தான், மேஸ்திரி. அதுலயும் எல்லா எலியும் நடக்கல. பழைய அடிக்கு ஆவுமான்னு எனக்குத் தெரியாது."

போச்சு, நாளையிலிருந்து இட்லி இல்லை என்று நினைத்தேன். மேஸ்திரி தன் முழங்காலைத் தட்டிக் காட்டினார்.

"அவசரமா கட்டுன சாரந்தான் சார் என்னத் தள்ளிச்சி. நீங்க நிதானமாவே கட்டுங்க."

மறுநாள் முதல், குத்திப் பார்ப்பதற்கென்றே ஓர் இட்லி தனித் தட்டில் வந்தது.

பதம் இப்போது வேறு ஊரில், பெரிய ஆய்வுக்கூடத்தில். "சாரம் எதுவரைக்கும் வந்துச்சாம்?" என்று மேஸ்திரி கேட்கும்போதெல்லாம் போன் போடுவேன்.

"கட்டிக்கினே இருக்கேன்னு சொல்லுங்க. தொப்பை எப்படி இருக்குது?"

அப்படியேதான் வைத்திருக்கிறேன். டாக்டர் குறைக்கச் சொல்லித் திட்டுகிறார். ஆனால் பதம் திரும்பி வந்து குத்திப் பார்க்கும்போது, பதம் மாறியிருக்கக் கூடாதல்லவா?