படியில் மாட்டிய பீரோவும் சிட்டுவின் பரீட்சையும்

அன்பும் அறிவும் நிறைந்த, அவற்றோடு பிடிவாதமும் சற்றுத் தாராளமாகவே நிறைந்த என் தங்கைக்கு,

அண்ணன் ஆசி கூறி எழுதிக்கொள்வது. இங்கே நான், என் வீட்டுக்காரி, உன் மகள் சிட்டு, என் லாரி எல்லோரும் நலம். வாசல் கேட் மட்டும் நலமில்லை, அதன் கதையைப் பிறகு சொல்கிறேன். பரீட்சை முடியும்வரை சிட்டுவை என்னிடம் விட்டுவிட்டு, அங்கே நீயும் மாப்பிள்ளையும் மாற்றலாகிப் போன புது வீட்டில் சௌகரியமாக இருப்பீர்கள். எப்படி இல்லாமல் போகும்? சாமானை ஏற்றி இறக்கியவன் நான் அல்லவா. இந்த வட்டாரத்தில் என்னைக் கேட்காமல் ஒரு கட்டில்கூட வீடு மாறுவதில்லை என்பது நீ அறியாததல்ல.

விஷயத்துக்கு வருகிறேன். சிட்டுவின் டீச்சர் உனக்குப் போன் செய்து, குழந்தைக்கு டிஸ்ப்ராக்ஸியா இருக்கிறது, மூளை சொல்வதைக் கை கேட்டு நடக்கக் கொஞ்சம் நேரமாகும், அதனால் பரீட்சையில் கூடுதல் நேரமும் தனி அறையும் தருகிறோம், வீட்டில் சரி என்றால் போதும் என்றார்கள். நீ என்ன செய்தாய்? எனக்குப் போன் போட்டு, "என் பொண்ணுக்கு யாரோட சலுகையும் வேண்டாம்ணே. நீதான் ஊரையே வேலை வாங்கறவனாச்சே, அவளை வேகமா எழுதப் பழக்கு, போதும்" என்றாய். நீ வகுப்பில் முதல் மார்க், நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு விடை கொடுத்தவன். இருந்தும் படிப்பு விஷயத்தில் என்னிடம் வந்தாயே! மனிதனை எடை போடத் தெரிந்தவள் நீ. உடனே களத்தில் இறங்கினேன்.

முதலில் பேனா. சிட்டு பேனாவைப் பிடிப்பது பாம்பைப் பிடிப்பது மாதிரி, விட்டால் ஓடிவிடும் என்று இறுக்கிப் பிடிப்பாள், அரைப் பக்கத்தில் கை வலிக்கும். கண்ணாடிச் சாமானுக்குச் சுற்றும் பஞ்சு அட்டையைப் பேனாவைச் சுற்றி நாலு சுற்று சுற்றி, அதன்மேல் பிரவுன் டேப் ஒட்டிக் கொடுத்தேன். கையில் வாங்கிப் பார்த்தவள், "மாமா, இதை வெச்சு எழுத முடியாது, வேணும்னா யாரையாவது அடிக்கலாம்" என்றாள். அந்த நக்கல் அப்படியே உன்னுடையது. பிறகு அவளே மூன்று சுற்றைப் பிரித்துப் போட்டுவிட்டு ஒரே சுற்றோடு எழுதிப் பார்த்தாள், கை வலிக்கவில்லையாம். ஆக என் கண்டுபிடிப்பில் கால்வாசி வெற்றி.

அடுத்தது வேகம். லாரியைப் பின்னால் எடுக்கும்போது நான் ஊதுகிற விசில் இருக்கிறதே, ரெண்டு சின்ன ஊதல் என்றால் 'வரலாம்', ஒரு நீள ஊதல் என்றால் 'நில்', அதை எடுத்துக்கொண்டு அவள் மேஜைக்குப் பின்னால் நின்றேன். ஒரு கேள்விக்கு உரிய நேரம் முடிந்ததும் ரெண்டு சின்ன ஊதல், அடுத்த கேள்விக்குத் தாவு என்று அர்த்தம். என் கெட்ட நேரம், அப்போது பார்த்து எதிர்வீட்டுக்காரர் காரைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார். மனுஷன் என்னோடு பழகியவர், என் விசிலுக்குக் கட்டுப்பட்டவர். வரலாம் என்றது விசில், வந்தார். இன்னும் வரலாம் என்றது, இன்னும் வந்தார். நம் கேட்டோடு சேர்ந்து உள்ளேயே வந்துவிட்டார். இறங்கி, "என்ன சார், வரச் சொல்லிட்டு கேட்டைத் திறந்து வைக்க மாட்டீங்களா?" என்று என்னையே அதட்டுகிறார்! நான் விட்டேனா, "வண்டி ஓட்டறவருக்குக் கண்ணாடின்னு ஒண்ணு இருக்கே, அது தலை வாரவா?" என்று கேட்டேன். மனசுக்குள் கேட்டேன். உன் அண்ணி விசிலைப் பிடுங்கி அரிசி டின்னுக்குள் போட்டுவிட்டாள். ஆனால் அங்கே பார், சிட்டு அழுதுகொண்டிருந்தாள். பதில் தெரிந்த கேள்விதானாம். ஊதல் கேட்டதும் கை மரத்துப் போய்விட்டதாம். அந்த அழுகையை மறக்கடிக்கத்தான் ஞாயிற்றுக்கிழமை அவளை வேலைக்குக் கூட்டிப் போனேன்.

ஒரு பல் டாக்டர் வீட்டுச் சாமான். இரண்டாவது மாடி, வளைந்த படி. மாடியில் தேக்குப் பீரோ ஒன்று, யானைக்கு அக்கா. பெரிய சாமானை முதலில் இறக்கிவிட்டால் மனசு லேசாகும் என்று அதையே எடுத்தோம். நான் கீழே நின்று "சீக்கிரம், சீக்கிரம், சாயங்காலம் இன்னொரு வீடு இருக்கு!" என்று குரல் கொடுக்க, மேலே நம் ஆள் நெட்டை அவசரத்தில் ஒரு தள்ளு தள்ள, வளைவில் கச்சிதமாக மாட்டிக்கொண்டது பீரோ. மேலேயும் போகாது, கீழேயும் வராது. மற்ற சாமான் எல்லாம் மாடியில், டாக்டரும் மாடியில். "நான் எப்படிப்பா கீழ வர்றது? கிளினிக்ல ஒருத்தர் வாயைத் திறந்துக்கிட்டு காத்திருக்கார்!" என்று அவர் கத்துகிறார். நானும் பதிலுக்குக் கத்துகிறேன். கத்தக் கத்த நெட்டை தள்ளுகிறான், தள்ளத் தள்ள அது இறுகுகிறது.

அடிப்படியில் உட்கார்ந்திருந்த சிட்டு சொன்னாள்: "மாமா, பீரோவை ஏன் முதல்ல எடுத்தீங்க? சின்ன சாமானையெல்லாம் இறக்கிட்டு இதைக் கடைசியா எடுத்திருந்தா, மாட்டினாலும் இது மட்டும்தானே மாட்டும்?"

முப்பது வருஷத் தொழில் அனுபவத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் அதற்கும் நெட்டையைத்தான் திட்டினேன். அவள் நிறுத்தவில்லை.

"பரீட்சையில எனக்கும் இதேதான் மாமா. பதிலெல்லாம் மாடியில பத்திரமா இருக்கு. படிதான் வளைவு. யாராவது சீக்கிரம்னு சொன்னா, அங்கேயே மாட்டிக்குது."

"சரி, இப்ப என்ன பண்ணலாம்கிற?"

"முதல்ல நீங்க கத்தாம இருங்க."

கத்தவில்லை. நெட்டை மூச்சு வாங்கிக்கொண்டான். பீரோவின் கதவுகளைக் கழற்றினோம், கொஞ்சம் தூக்கி, கொஞ்சம் சாய்த்து, ஒரு விரல் அளவாக நகர்த்தி இறக்கினோம். ஒரு கீறல் கிடையாது. டாக்டர் எங்களைத் தாண்டி ஓடியே போனார். அன்று ராத்திரி சிட்டு பழைய கேள்வித்தாளை எடுத்து, லேசான கேள்விக்கெல்லாம் பக்கத்தில் ஒரு புள்ளி, பீரோக் கேள்விக்கு ஒரு பெட்டி என்று பென்சிலால் குறி போட்டு, புள்ளிகளை முதலில் இறக்கினாள். பெட்டிகளைக் கடைசியில், கதவைக் கழற்றுகிற மாதிரி துண்டு துண்டாக. இந்த முறையைக் கண்டுபிடித்தது நான்தான் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். அவளும் மறுக்கவில்லை, பெருந்தன்மையில் குழந்தை என்னைப் போலவே.

ஆனால் முறை இருந்தும் நேரம் பற்றவில்லை, தங்கச்சி. அதுதான் உண்மை. வளைவில் மெதுவாகத்தான் இறக்க முடியும். "உனக்குக் கூடுதல் நேரம் வேணுமா கண்ணு?" என்று நேராகவே கேட்டேன். "வேணும் மாமா. அம்மாகிட்ட நீங்க சொல்லுங்க, நான் சொன்னா அழுதுடுவேன்" என்றாள். அதனால் நான் சொல்கிறேன். நீ சலுகை என்கிறாய். என் லாரி உயரம். ரயில் பாலத்துக்கு அடியில் நுழையாது, ஊரைச் சுற்றித்தான் போகும், நேரமாகும். அதற்காக யாராவது என் லாரியை மட்டமான லாரி என்பார்களா? சொல்லிப் பார்க்கட்டும்! சாமான் முழுசாகப் போய்ச் சேருகிறதா என்பதுதான் கேள்வி. புதன்கிழமைக்குள் பதில் வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார்கள். வீம்பு பிடிக்காமல் சரி என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். நீங்கள் இருவரும் இடுப்பு வலி, முழங்கால் வலி இல்லாமல், மாடிப்படி இல்லாத வீட்டில் நீடூழி வாழ வேண்டும் என்று தொழில் முறையிலும் குடும்ப முறையிலும் ஆசீர்வதிக்கும்,

உன் அண்ணன்.

பின்குறிப்பு: மேலே கண்ட புதன்கிழமை போன வாரமே போய்விட்டது. கடிதம் லாரியில், ஸ்டியரிங்குக்கு முன்னால் பத்திரமாகக் கிடந்தது. மறந்துவிட்டேன் என்று நினைக்காதே, நான் எதையும் மறப்பவனல்ல. புதன்கிழமை நானே பள்ளிக்கூடம் போய், கார்டியன் என்ற முறையில் சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். முதல் பரீட்சை இன்று காலையில் முடிந்தது. கொடுத்த நேரம் மொத்தமும் உட்கார்ந்து எழுதியிருக்கிறாள். ஒரு பீரோ மட்டும் பாதிப் படியில் நின்றுவிட்டதாம், அதில் பாதிதான் அவளுக்குத் தெரியுமாம். வெளியே வந்து, "மாமா, முதல் தடவையா எனக்குத் தெரிஞ்சதெல்லாம் கீழ வந்துடுச்சு" என்றாள். லாரிக்குள் தூசி ஜாஸ்தி, எனக்குக் கண் கலங்கிவிட்டது.

போனில் கேட்டிருக்கலாமே என்பாய். போனில் கேட்டால் நீ உடனே வேண்டாம் என்பாய். கடிதத்தில் அந்த வசதி கிடையாது. திட்டுவதானால் நீயும் கடிதத்திலேயே திட்டு. அவசரமில்லை, நிதானமாக எழுது. வேண்டிய நேரம் எடுத்துக்கொள்.