பாசி இரண்டு மூட்டை அவசரம்

டத்தோ கிராமாட், பினாங்கு
ஆனி மாதம், 2603
(இது ஜப்பான்காரர் கணக்கு; பழைய கணக்கில் 1943. படித்ததும் இந்த வரியை அடித்துவிடவும்.)

பைராம் தோட்டத்தில் இருக்கும் மரியாதைக்குரிய மச்சான் சுப்பையா அவர்களுக்கு, நல்லமுத்து வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் தங்கை ஜெயலெட்சுமி சுகம். நானும், இந்த வரியை எழுதும் வரையில், தலையும் கழுத்தும் பிரியாமல் இருக்கிறேன். அக்காவும் பிள்ளைகளும் சுகந்தானே?

விஷயம் என்னவென்றால், நான் பதினெட்டு வருஷமாகத் தோட்டவேலை பார்க்கும் பங்களாவில், வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு ஒரு ஜப்பான் கேப்டன் ஐயா குடியிருப்பது உங்களுக்குத் தெரியும். மிகவும் நல்லவர். (கடிதத்தை யாராவது பிரித்துப் படித்தால் அவர்களுக்கும் சொல்கிறேன், மிகவும் நல்லவர்.) போன மாதம் ஒரு காலையில் அவர் வாசல் புல்தரையைக் காட்டி, பிடுங்கி எறிவது போலக் கையை ஆட்டி, "கொக்கே, கொக்கே" என்றார். மறுபடி கேட்டால் அடி விழும் என்று பயந்து தலையாட்டிவிட்டேன். புல்லுக்குப் பதிலாகக் கொக்கு எதற்கு என்று இரண்டு நாள் யோசித்தும் விளங்கவில்லை. இந்தக் காலத்தில் எதுதான் விளங்குகிறது? மீன் விற்கும் சீனி முகம்மதுவிடம் போய்க் கெஞ்சினேன். "அண்ணே, மீனே கிடைக்கலலா, நீங்க கொக்கு கேக்குறீங்க" என்று அலுத்துக்கொண்டவர், எப்படியோ வயல் பக்கம் போய் இரண்டு பிடித்து வந்தார். அவற்றைக் காலில் கயிறு கட்டிப் புல்லின் நடுவே நிறுத்திவிட்டு, நான் இடுப்பு வரை குனிந்து நின்றேன். கேப்டன் ஐயா கொக்குகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கன்னத்தில் ஒன்று விட்டார். பிறகு காதைப் பிடித்து இழுத்துப்போய், சமையற்கட்டுச் சாக்கடை ஓரத்தில் என் மூக்கை வைத்து, "கொக்கே" என்றார். அங்கே இருந்தது பாசி. அவர் பாஷையில் பாசிக்கு அதுதான் பேராம், மச்சான்; அவர்கள் ஊரில் புல்லுக்குப் பதில் அதைத்தான் தோட்டத்தில் அழகுக்கு வளர்ப்பார்களாம்.

அன்றிலிருந்து எனக்கு இரண்டு பக்கமும் பயம். அந்தப் புல்லைத் துரை பெற்ற பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டவர். நாளை அவர் திரும்பி வந்து கேட்டால் நான் எந்த முகத்தோடு நிற்பேன்? பிடுங்காவிட்டால் இவர் இருக்கிறார், இடுப்பில் வாளோடு. உங்கள் தங்கைதான், "துரை வரும்போது வரட்டும். இவரு இங்கதான இருக்காருலா. பிடுங்குங்க" என்றாள். பிடுங்கினேன். பாசிக்கு எங்கே போவது? சாக்கடைச் சுவர், கூரை ஓடு, கிணற்றடி என்று கத்தியை வைத்துச் சுரண்டி மூட்டை கட்டினேன். பக்கத்து வீட்டு ருக்கையா அதைப் பார்த்து, "அரிசி இல்லேன்னு இதைத் திங்க ஆரம்பிச்சிட்டீங்களா, அண்ணே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு கிண்ணம் கஞ்சி கொடுத்தார். குடித்துவிட்டேன், உண்மையைச் சொல்லவில்லை. அதே மூட்டையோடு சைக்கிளில் வரும்போது பாலத்தடியில் ஜப்பான் சிப்பாய் ஒருவன் நிறுத்தித் துப்பாக்கிக் கத்தியால் குத்திப் பார்த்தான். "கொக்கே" என்று மட்டும் சொன்னேன். அவன் மூட்டைக்குள் கையை விட்டு, ஒரு பிடி எடுத்துக் கண்ணை மூடி முகர்ந்து, அதை மெல்ல மூட்டைக்குள்ளேயே வைத்து, அடிக்காமல் அனுப்பிவிட்டான். அடித்திருந்தால்கூட இவ்வளவு நடுங்கியிருக்க மாட்டேன்.

இப்போது என்ன ஆபத்து என்றால், புல் இருந்த இடத்தில் வைத்த பாசி வெயிலில் கருகுகிறது. ஜெயலெட்சுமி தன் புடவைகளில் மூன்றைப் பந்தல்போலக் கட்டிவிட்டு, மிச்சமிருக்கும் ஒரே புடவையைத் துவைத்துத் துவைத்து உடுத்துகிறாள். அப்படியும் பாதித் தரை சாணி நிறமாகிவிட்டது. வெள்ளிக்கிழமை கேப்டன் ஐயாவின் மேலதிகாரி தேநீருக்கு வந்து பாசியைப் பார்க்கப் போகிறாராம். கேப்டன் ஐயா விரலை விட்டு நாளை எண்ணிக் காட்டினார்; கடைசி விரலில் என் கழுத்தையும் காட்டினார். ஆகையால் மச்சான், உங்கள் தோட்டத்து வாய்க்கால் கரையிலிருந்து நல்ல பச்சைப் பாசி இரண்டு மூட்டை, ஈரச்சாக்கில் கட்டி, வியாழக்கிழமைக்குள் வரும்படி செய்யவும். உங்கள் தங்கை தாலியை நினைத்துச் செய்யவும்.

தண்ணீர்மலை முருகன் உங்கள் எல்லோரையும் காக்கட்டும். என்னை வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரையாவது காக்கட்டும்.

இப்படிக்கு,
நடுக்கத்துடன்,
நல்லமுத்து

பின்குறிப்பு: பாசி அனுப்ப வேண்டாம். கடிதத்தை ஒட்டுவதற்குள் இன்று காலை லாரி வந்து கேப்டன் ஐயாவை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. பர்மாச் சண்டைக்கு என்கிறார்கள். அவர் இடத்துக்கு வந்த புது அதிகாரி பாசியை மிதித்துப் பார்த்து, வாசலை இப்படியா அழுக்காக வைப்பது என்று மற்றக் கன்னத்தில் விட்டார். முழுவதையும் சுரண்டிவிட்டு மரவள்ளி நட வேண்டுமாம். குச்சி இரண்டு கட்டு அனுப்பவும். இன்னொன்று. கேப்டன் ஐயா லாரியில் ஏறுமுன், பச்சையாக இருந்த மூலையில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு சற்று நேரம் நின்றார். பிறகு என் பக்கம் திரும்பிக் குனிந்தார். கல்லை எடுக்கிறார் என்று நான் தூணுக்குப் பின்னால் ஓடிவிட்டேன். "உங்களுக்குத்தாங்க கும்பிட்டாரு" என்று ஜெயலெட்சுமி சொன்ன பிறகுதான் வெளியே வந்தேன். அதற்குள் லாரி தெருமுனை திரும்பிவிட்டது.