ஓட்டோவில் வந்த என் குரல்

புகழ்ச்சிக்கு மயங்காத மனிதர்கள் இருக்கிறார்களாம். நான் அவர்களில் ஒருத்தி இல்லை. என் சமையலைக் குறை சொல்லுங்கள், சேலையைக் குறை சொல்லுங்கள், சிரித்துவிட்டுப் போவேன். என் குரலில் மட்டும் கை வைக்கக் கூடாது. அந்தப் பலவீனத்தால்தான், வங்கியில் என்னை நிரந்தரமாக்கவிருந்த நாளில் நானே என் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன்.

அரியாலையில் எங்கள் சேர்ச்சில் வேதபாடம் வாசிப்பது நான்தான். நான் வாசிக்கத் தொடங்கினால் கடைசி வாங்குப் பலகையில் தூங்குகிறவர்களும் எழும்பிவிடுவார்கள். (இது பாஸ்டர் சொன்னது. நான் சொன்னால் பெருமை என்பீர்கள்.) ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி விளம்பரம் போடும் என் ஒன்றுவிட்ட அண்ணன் றஞ்சனின் காதுக்கும் அந்தப் புகழ் எட்டியது.

"தங்கச்சி, உன்ரை குரலைப் பதிஞ்சு தா. யாழ்ப்பாணம் முழுக்கக் கேக்கும்."

"வெளிவேலை செய்யக்கூடாது எண்டு பாங்கிலை விதி இருக்கண்ணை."

"கதைக்கிறது ஒரு வேலையே? நீ சும்மாவும் கதைக்கிறனி தானே."

எந்தச் சட்டத்தரணியும் இவ்வளவு தெளிவாக வாதாடியிருக்க மாட்டார். துணிக்கடையில் தொடங்கினேன், ஐஸ்கிறீமுக்குத் தாவினேன், கடைசியில் ஒரு தனியார் நகை அடகு நிறுவனத்தில் வந்து நின்றேன். அவர்கள் எழுதித் தந்த விளம்பரம் சப்பென்று இருந்தது. அப்படியே வாசித்துவிட்டு வந்திருக்கலாம். கேட்டால்தானே! சொந்தமாக ஒரு வரி சேர்த்தேன்.

தகுதிகாண் காலம் முடிந்த அன்று முகாமையாளர் தன் அறைக்குக் கூப்பிட்டார். நிரந்தரமானால்தான் வீட்டுக்கடன் கிடைக்கும். எங்கள் வீடோ சுவரோடு நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நீர் வேறை வேலை ஏதும் செய்யிறீரோ?"

"இல்லை சேர்."

அந்த நேரம் பார்த்துப் பக்கத்துப் புகையிரதக் கடவை மூடப்பட்டது. றஞ்சன் அண்ணையின் ஓட்டோ சரியாக வங்கி வாசலில் வந்து மாட்டிக்கொண்டது.

"வங்கி வரிசையில் நின்று கால் கடுக்கிறதா? முகாமையாளரின் முகத்தைப் பார்த்து மனம் வெறுக்கிறதா? தங்க நகைகளுக்குக் குறைந்த வட்டி! இன்றே வாருங்கள்!"

(அந்த இரண்டாவது வரிதான் என்னுடையது.)

ரயில் வருவதாய் இல்லை. குரல் திரும்பத் திரும்ப அழைத்தது. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நகையோடு வந்திருந்த இரண்டு பெண்கள் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போனார்கள். முகாமையாளர் காது கொடுத்துக் கேட்டுவிட்டுக் கையை வீசினார்.

"உந்த விளம்பரத்தை விடும். உது மனிசக் குரலே இல்லை. இப்ப உதெல்லாம் கொம்பியூட்டர் தானே கதைக்குது. உயிரில்லாத குரல்!"

கர்த்தர் எனக்காகக் கதவையே திறந்து வைத்திருந்தார். "ஓம் சேர்" என்றால் போதும், வீட்டுக்குக் கூரை வந்துவிடும். ஆனால் உயிரில்லாத குரலாமே!

"சேர், உது நான்!"

அவர் நம்பவில்லை. எழும்பி நின்று, ஓட்டோவோடு சேர்ந்து, முகாமையாளரின் முகம் உட்பட முழு விளம்பரத்தையும் சொல்லிக் காட்டினேன். வெளியே வரிசை கை தட்டியது. அந்த உற்சாகத்தில் துணிக்கடை, ஐஸ்கிறீம் விளம்பரங்களையும் ஒப்புவித்தேன்.

அவர் கத்தவில்லை. அதுதான் அதிகம் சுட்டது. "எழுதிக் கேட்டிருந்தால் துணிக்கடைக்கு நானே அனுமதி எடுத்துத் தந்திருப்பன். எங்கடை சம்பளத்தை வாங்கிக்கொண்டு எங்கடை சனத்தை அங்கை கூப்பிட்டால் என்னெண்டு பிள்ளை?" என்றார். விளக்கக் கடிதம் எழுதினேன். நிரந்தரம் தள்ளிப்போனது. கூரை அடுத்த மாரிக்குப் பிறகுதான் ஏறியது.

வீட்டில் இன்றைக்கும் கோப்பை உடைந்து "ஆர் உடைச்சது?" என்று கேட்டால், என் கணவர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு "சேர், உது நான்!" என்கிறார்.

பிறகு வங்கிக்கு இலக்கம் கூப்பிடும் இயந்திரம் வந்தது. அது பேசிய தமிழ் ஒருவருக்கும் விளங்கவில்லை. முகாமையாளர் என் மேசைக்கு வந்தார். இந்த முறை இயந்திரத்துக்கு என் குரலைப் பதிய எழுத்து மூல அனுமதியை அவரே கொண்டு வந்திருந்தார். (காசு கிடையாது. விதி!)

போன கிழமை வரிசையில் நின்ற ஒரு பெரியவர் கேட்டார்: "பிள்ளை, உந்த மிசினுக்குள்ளை கதைக்கிறது கொம்பியூட்டரோ?"

நான் வாயைத் திறக்குமுன் முகாமையாளர் அறையிலிருந்து ஓடி வந்தார்.

"இல்லை ஐயா, உது எங்கடை பிள்ளை!"