இலவம்பஞ்சு மில்

வேலை போன விஷயம் மனைவி காளீஸ்வரிக்குத் தெரியவே கூடாது என்று சங்கரலிங்கம் முடிவெடுத்ததில் வீரம் ஒன்றும் இல்லை. முழுக்க முழுக்கப் பயம். ராஜபாளையம் ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட் சூப்பர்வைசராக ஊரையே அதட்டியவர். ஆட்குறைப்பு என்று மேனேஜர் சொன்னபோதுகூட அவர் அசரவில்லை. செட்டியார்பட்டியில் வீட்டு வாசலில் கிடந்த மனைவியின் செருப்பைப் பார்த்ததும்தான் ரெண்டடி பின்வாங்கினார்.

அதனால் வழக்கம்போலக் காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்பினார். மில் வாசலைத் தாண்டும்போது பஸ்ஸுக்குள் குனிந்துகொண்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் போய் இறங்கினார். கோயில் பிரகாரத்தில் உட்கார்ந்து, கண்ணில் பட்ட கம்பெனிக்கெல்லாம் செல்போனில் பயோடேட்டா அனுப்பினார். கப்பல் கம்பெனிக்குக்கூட ஒன்று போனது. அவருக்குக் கிணற்று நீச்சலே வராது. ஒரு பதிலும் இல்லை.

மில்லிலிருந்து வருகிறவன் தலை இவ்வளவு சுத்தமாகவா இருக்கும்? ஒருநாள் திரும்பி வருகையில்தான் இது உறைத்தது. மறுநாளிலிருந்து தலையணையிலிருந்து கொஞ்சம் பஞ்சைப் பிய்த்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். சாயங்காலம் தெருமுனையில் நின்று தலையில் தூவிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார்.

ஜெராக்ஸ் கடை வைத்திருந்த நண்பன் ராம்குமார்தான் புத்தி சொன்னான். ஊருக்கெல்லாம் அனுப்பினால் ஒருத்தனும் பார்க்க மாட்டான். தெரிந்த தொழிலில் ஒரே கம்பெனியாகப் பார்த்து அனுப்பு. உன்னோட வேலையைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்கிற ஆளின் நம்பரையும் போடு. அதுக்குப் பேர்தான் ரெபரன்ஸ் என்றான்.

பழைய மேனேஜர் நல்ல வார்த்தை சொல்லுகிற ரகம் இல்லை. சங்கரலிங்கத்தின் செல்லிலேயே இரண்டாவது சிம் ஒன்று சும்மா கிடந்தது. அந்த நம்பருக்கு மேனேஜர் என்று பேர் போட்டு, ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டார். அவர்கள் கூப்பிட்டால் குரலைக் கனமாக்கித் தன்னைத்தானே புகழ்ந்துகொள்ளலாம். அதற்காகப் பிரகாரத்தில் இருமி இருமிப் பழகவும் செய்தார்.

மறுநாள் பஸ்ஸைப் பிடிக்கிற பதற்றத்தில் செல்லைச் சார்ஜரிலேயே விட்டுவிட்டுப் போனார். பிரகாரத்தில் பையைத் துழாவியபோதுதான் அது தெரிந்தது.

சாயங்காலம் காளீஸ்வரி வாசலிலேயே நின்றாள். கையில் அந்தச் செல். அவர் தலையிலிருந்து ஒரு துளி பஞ்சை எடுத்து ஊதினாள்.

"ஒங்க மில்லுல எப்பலேருந்து இலவம்பஞ்சுல நூல் ஓட்டுதாக?"

கல்யாணத்துக்கு முன்னால் அவள் பேண்டேஜ் பேக்கிங்கில் இருந்தவள். பஞ்சைத் தொட்டாலே ரகம் சொல்லுவாள். இலவம்பஞ்சு தலையணைக்குத்தான், நூலுக்கு ஆகாது. தலையணை இளைக்க ஆரம்பித்தபோதே தெரியுமாம். அவராக வாயைத் திறக்கட்டும் என்றுதான் பேசாமல் இருந்தாளாம்.

"போன் வந்துச்சு. மேனேஜரான்னு ஒரு அம்மா கேட்டாக. ஆமான்னேன்."

"நீயா?"

"இந்த வீட்டுல வேற யாரு மேனேஜரு?"

என்ன கேட்டார்கள் என்று ஈனசுரத்தில் விசாரித்தார்.

"சங்கரலிங்கம் எம்புட்டு வருசமா ஒங்ககிட்ட வேல பாக்காருன்னாக. கல்யாணம் ஆனதுலேருந்துன்னேன். எப்பிடிப் பாப்பாருன்னாக. நான் நின்னு பாத்தா அவரு வேல பாப்பாருன்னேன்."

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவே செத்த நேரம் ஆனதாம். பொறவு பேச்சு பேக்கிங் பக்கம் திரும்பியதாம். தானும் அந்த வேலை பார்த்தவள்தான் என்று காளீஸ்வரி சொன்னாளாம். பேக்கிங்குக்கு ஒரு சூப்பர்வைசர் தேடிக்கொண்டிருக்கிறார்களாம். பயத்துக்கு நடுவிலும் சங்கரலிங்கத்துக்கு ஆசை எட்டிப் பார்த்தது.

"வேல கெடச்சிருச்சா?"

"கெடச்சிருச்சு. திங்கக்கெழமலேருந்து வரச் சொல்லிட்டாக, என்னய."

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்படியானால் தன் கதி என்ன என்று கேட்டார்.

காளீஸ்வரி அவர் கையிலிருந்த டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டாள்.

"ஒங்களுக்கும் ஒரு எடம் கேட்டுப் பாத்தேன். ரெபரன்ஸ் சரியில்லன்னுட்டாக."