பிற்பட்ட வகுப்பு ராஜகுமாரன்

தாலுகா ஆபீஸ் புளியமரத்துக்குப் பின்னால் நின்று, அருணகிரி பூணூலைக் கழற்றப் போராடிக்கொண்டிருந்தான். சட்டைப் பித்தானில் சிக்கிக்கொண்டு அது வருவேனா என்றது.

சேலத்தில் குமாஸ்தா வேலை. பிற்பட்ட வகுப்பாருக்கென்று புதிதாக ஒதுக்கிய இடம். 'இவன் பிற்பட்டவன்தான்' என்று தாசில்தார் கையெழுத்திட்ட சர்டிபிகேட் சாயங்காலத்துக்குள் அங்கே போய்ச் சேராவிட்டால் வேலை அடுத்தவனுக்கு! அதோ, சேலம் போகும் கரிவாயு பஸ்ஸைக் கிளப்ப, பஸ்காரன் கரி அடுப்பை மூட்டத் தொடங்கிவிட்டான்.

அப்பா பெரியசாமியோ ஜாதிச் சங்கத்தின் காரியதரிசி. "நாம ராஜ வம்சம்டா!" என்று போன மாதம்தான் ஊரைக் கூட்டி மகனுக்குப் பூணூல் மாட்டியிருந்தார்.

வெடுக்! நூல் வந்தது. பையில் திணித்துக்கொண்டு உள்ளே ஓடினான்.

புதிதாக மாற்றலாகி வந்திருந்த தாசில்தார் கையை நீட்டினார். அருணகிரி பையிலிருந்து மனுவை உருவ, கூடவே பூணூலும் வந்து மேஜைமேல் விழுந்தது.

"இதென்னய்யா?"

"ப... பட்டம் விடற நூலுங்க!"

"மஞ்சள் தடவியா பட்டம் விடுவீங்க?"

"எங்கூட்டுல நூல் வாங்கக்கூட வழியில்லீங்க. கோயில்ல கெடந்ததை எடுத்தேனுங்க."

"உங்கப்பா என்ன பண்றார்?"

"மாடு மேய்க்கறாருங்க. வாயில்லாப் பூச்சிங்க."

படார்! கதவு திறந்தது. ஜரிகைத் தலைப்பாகை, இடுப்பில் நீண்ட வாள். பெரியசாமி!

"எங்க ராஜ குலத்தைப் பிற்பட்டதுன்னு சர்க்கார் லிஸ்டுல எழுதியிருக்கீங்களே, அதை இப்பவே அடிச்சாகோணுமுங்க!"

அருணகிரி மேஜைக்கடியில் பாய்ந்தான்.

"அடேய் அருணகிரி! அங்க என்னடா தேடறே?"

"இவரு யாருன்னே எனக்குத் தெரியாதுங்க!"

"பள்ளிக்கூடத்துக்கு முழுச் சம்பளம் கட்டிப் படிக்க வெச்ச அப்பனையாடா தெரியாதுங்கறே?"

தாசில்தார் பேனாவை மூடினார். "ராஜகுமாரனுக்குக் குமாஸ்தா வேலை எதுக்கு? போய் நாட்டை ஆளுங்க!"

வெளியே பஸ் ஹாரன் அலறியது. அருணகிரிக்குக் கண் கலங்கிவிட்டது.

மூலையில் நின்ற கிழட்டு டவாலிச் சேவகர் காளியண்ணன் தொண்டையைக் கனைத்தார்.

"கையெழுத்துப் போட்டுடுங்க எசமான். பள்ளிக்கூடச் சம்பளத்துல பாதி தள்ளுபடி வாங்கறதுக்கு, வருசா வருசம் இதே சர்டிபிகேட்டை இங்க வந்து வாங்கிட்டுப் போனது இந்த ராஜாதானுங்க. அப்பெல்லாம் வாளை எங்கிட்டக் குடுத்துட்டு உள்ள வருவாரு. இன்னைக்குத்தான் மறந்துட்டாராட்ட இருக்குது."