நானூற்று எண்பது கிராம் களி

அளவு விஷயத்தில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது என்று ஒரு காலத்தில் நம்பிக்கொண்டிருந்தேன். ஓசூரில் மோட்டார் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் எனக்குத் தரச்சோதனை வேலை. தலைமுடிக் கனத்தில் பத்தில் ஒரு பங்கு கூடினாலும் 'ரிஜெக்ட்' என்று சிவப்புச் சீட்டு ஒட்டிவிடுவேன். (மெஷின்காரர்கள் என்னைக் கண்டாலே டீ குடிக்கப் போய்விடுவார்கள்.) அப்பேர்ப்பட்ட நான் ஒரு கப் மாவிடம் மண்ணைக் கவ்வினேன்.

கல்யாணமாகி மூன்று மாதம். மனைவி சவிதாவுக்கு ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை அவளுக்கு முதல் ஷிஃப்ட். சேதி கேட்டதும் பாகலூரிலிருந்து மாமியார் வந்து இறங்கிவிட்டார். கம்பெனியிலும் நின்று, வீட்டுக்கு வந்து அடுப்படியிலும் நின்றால் மகள் உடம்பு என்னத்துக்கு ஆகும் என்பது அவர் கவலை. வேலையே வேண்டாம் என்றார். சவிதாவின் முகம் சுண்டிப்போனது. எனக்குப் பொறுக்கவில்லை. சமையலை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "களி கிண்டுவீங்களா மாப்பிள? நாளைக்கு மத்தியானம் கிண்டுங்க. வாயில வைக்கற மாதிரி இருந்தா அவ வேலைக்குப் போவட்டும்."

குழம்பை மட்டும் சவிதா வைக்கலாம், அதற்கப்புறம் அவள் அடுப்படிப் பக்கமே வரக் கூடாது என்று நிபந்தனை வேறு. (அது நானே போட்டது. வாய்க்கொழுப்பு.)

ஞாயிற்றுக்கிழமை போனில் வீடியோ பார்த்தேன். ஒரு கப் கேழ்வரகு மாவுக்கு இரண்டு கப் தண்ணீர். அது எந்தக் கப்? எங்கள் வீட்டு ஐந்து டம்ளரும் ஐந்து அளவு. தரச்சோதனைக்காரன் டம்ளரை நம்புவானா? தேடிப் பார்த்ததில் ஒரு கப் என்பது இருநூற்று நாற்பது மில்லி என்று கிடைத்தது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. அப்படியானால் ஒரு கப் இருநூற்று நாற்பது கிராம். அது தண்ணீருக்குத்தான் பொருந்தும், மாவுக்குப் பொருந்தாது என்று என் மண்டைக்கு உறைக்கவே இல்லை. எலக்ட்ரானிக் தராசில் இரண்டு கப்புக்கு நானூற்று எண்பது கிராம் மாவை, ஒரு கிராம் கூடாமல் குறையாமல் நிறுத்து வைத்தேன். தண்ணீர் நான்கு கப். பெருமை தாங்கவில்லை.

கொதித்த தண்ணீரில் மாவைக் கொட்டி வேகவிட்டேன். பிறகு பாத்திரத்தைத் தரையில் இறக்கி, துணியைச் சுற்றிக் காலால் அமுக்கிக்கொண்டு, களி கிண்டும் துடுப்பை உள்ளே விட்டேன். துடுப்பு அசையவில்லை. எழுந்து நின்று தள்ளினேன். பாத்திரம் சுற்றியது, களி சுற்றவில்லை. தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. ஆனால் விட்டால் சவிதாவின் வேலை போச்சு என்கிற பயத்தில் கிண்டிக்கொண்டே இருந்தேன். படக்கென்று துடுப்பு இரண்டாக முறிந்தது. கையில் இருந்த பாதியை வைத்துக் கிண்டினேன்.

சத்தம் கேட்டு இருவரும் வந்து நின்றார்கள். எப்படியோ பெயர்த்து ஒரு உருண்டையைத் தட்டில் வைத்தேன். மாமியார் அதைக் கிள்ளப் போனார். தட்டும் கூடவே வந்தது.

சவிதா ஒரு டம்ளர் மாவை எடுத்துத் தராசில் கொட்டினாள். பிறகு அதே டம்ளர் நிறையத் தண்ணீரை நிறுத்தாள். தண்ணீர் இருநூற்று நாற்பது, மாவு நூற்று முப்பது. "ஏங்க, டம்ளர் எதுவா இருந்தா என்னங்க? மாவுக்கும் தண்ணிக்கும் ஒரே டம்ளரா இருந்தாப் போதும்," என்றாள். ஏறக்குறைய இரண்டு மடங்கு மாவைப் போட்டிருக்கிறேன். அவமானத்தில் எனக்குத் தலை நிமிரவில்லை. அவள் வேலையை நானே கெடுத்துவிட்டேனே.

மாமியார் முறிந்த துடுப்பையும் கொப்புளித்திருந்த என் உள்ளங்கையையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் மகளிடம் சொன்னார்: "இந்தக் கல்லப் போயி, பாதித் துடுப்ப வெச்சிக்கிட்டு விடாம கிண்டறாரு. இந்த மனுசன் கத்துக்குவாரு. நீ வேலைக்குப் போ."

சவிதா இப்போது லைன் சூப்பர்வைசர். வீட்டில் களி என் பொறுப்பு. பொங்கல் சீரில் வெல்லம், பச்சரிசியோடு ஒரு புதுத் துடுப்பும் தவறாமல் வருகிறது. சொந்தக்காரர்கள் கூடினால் மாமியார் இந்தக் கதையைத் தங்கள் வீட்டு மொழியான தெலுங்கில் சொல்வார். எனக்குத் தெலுங்கு அரைகுறை. 'நானூத்தி எம்பது கிராம்' என்பதை மட்டும், எனக்கு நன்றாகப் புரிய வேண்டுமென்று, தமிழில் சொல்வார்.