இளமஞ்சள் முதலில், கறுப்பு கடைசியில்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே என்னைத் தவிர எல்லாரும் நலம். அங்கே நீங்களே சமைத்துச் சாப்பிடுவதாகக் கேள்விப்பட்டதால், உங்கள் நலத்தை விசாரிக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் மனைவியை உடனே வந்து அழைத்துக்கொண்டு போய்விடுங்கள். என் மகள்தான், மறுக்கவில்லை. ஆனால் கட்டிக்கொண்டவர் நீங்கள்.

நம் சாயப்பட்டறையில் துண்டு வாங்கும் பெரிய கம்பெனிக்காரர்கள், "கழிவுநீரைக் குறைங்க, இல்லன்னா நாங்க வேற இடம் பார்த்துக்கிறோம்" என்று சொன்னதும், கழிவுநீர்ச் சுத்திகரிப்பையே படித்தவளாயிற்றே என்று நான்தான் கை காலை வைத்துக்கொண்டு சும்மா இராமல் அவளை வரவழைத்தேன். வந்த அன்றே பின்பக்கச் சாக்கடையோரம் போய் நின்றாள். "இதைப் பார்த்தாலே உள்ளே இன்னிக்கு என்ன கலர் ஓடுதுன்னு எனக்குத் தெரிஞ்சிடும்மா" என்று பெருமையாகச் சொன்னேன். "உங்களுக்கு மட்டுமாப்பா, கீழ்த்தெரு முழுக்கத் தெரியுது" என்றாள். மறுநாள் தேநீர் நேரத்தில் எல்லாரையும் உட்காரவைத்து, அவரவர் எங்கே எதை வீணாக்குகிறோம் என்று சொல்லச் சொன்னாள். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. நல்ல பிள்ளைகள் என்று நினைத்துக்கொண்டேன். உடனே, "உண்மையைச் சொல்றவங்களை யாரும் திட்ட மாட்டோம்" என்று அறிவித்துவிட்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, மாப்பிள்ளை. அப்புறம் மடை திறந்த மாதிரி கொட்டினார்கள். ஒழுகும் குழாய், மூடாத வால்வு, சாயத் தொட்டியில் அளக்காமல் அள்ளிப் போடும் உப்பு என்று வந்து, கடைசியில் வாட்ச்மேன் எழுந்து, "முதலாளி காருக்குத் தினமும் குழாய்க் குளியலுங்க" என்றார். அன்றிலிருந்து என் கார் ஈரத்துணியில்தான் முகம் கழுவுகிறது.

இதுவரை எந்தத் துணி முதலில் தொட்டிக்குள் போக வேண்டும் என்பதைப் போனில் அதிகமாகக் கத்துகிறவர்தான் தீர்மானிப்பார். கறுப்பு ஓடிய கையோடு இளமஞ்சள் வரும், தொட்டியை மூன்று தடவை கழுவிக் கொட்டுவோம். இவள் வந்து இளமஞ்சள் முதலில், அப்புறம் ஆரஞ்சு, அப்புறம் சிவப்பு, கறுப்பு வாரக் கடைசியில் என்று வரிசை போட்டாள். அப்படிச் செய்தால் இடையில் கழுவும் வேலையே பெரும்பாலும் இல்லையாம். வரிசையை யாரும் தாண்டக் கூடாதாம். யாரும் என்றால் நானுமா? என் சிநேகிதர் ஹோட்டல்காரர் கறுப்பு மேஜைவிரிப்பு அவசரம் என்றார். இதென்ன பிரமாதம் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். என் தலை தெரிந்தாலே எழுந்து நிற்கிற சாய மாஸ்டர் உட்கார்ந்தபடியே, "கறுப்புக்கு வெள்ளிக்கிழமைங்க" என்றார். எனக்கு வந்ததே கோபம். அவர் லீவு போட்ட அன்று நானே நின்று கறுப்பை ஓட்டி, தொட்டியையும் நானே கழுவினேன். எந்த லட்சணத்தில் கழுவினேன் என்பது அடுத்து வந்த இளமஞ்சள் துண்டுகளில் தெரிந்தது. அத்தனையும் எலி நிறம்.

அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. எல்லாரையும் தேநீருக்குக் கூப்பிட்டு, "இதுல நாம என்ன கத்துக்கிட்டோம்?" என்று கேட்டாள். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். எழுந்து நின்று, "தொட்டியை நல்லாக் கழுவணும்" என்றேன். "இல்லப்பா, கழுவ வேண்டிய அவசியமே வராமப் பார்த்துக்கணும்" என்றாள். கைதட்டினார்கள். அந்த எலி நிறத் துண்டுகளை ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டாள். இப்போது பட்டறையில் எல்லாரும் என் தவறைக் கொண்டுதான் முகம் துடைக்கிறார்கள்.

சாக்கடையில் முன்பு ஓடியதில் பாதித் தண்ணீர்கூட வருவதில்லை. நேற்று கம்பெனிக்காரர்கள் வந்து சுற்றிப் பார்த்து, ஆர்டரை உறுதிசெய்து, அவளிடம் கைகுலுக்கிவிட்டு, என்னிடம், "நீங்க இங்க எந்தப் பிரிவுல இருக்கீங்க?" என்று கேட்டார்கள். ஆகவே அவள் வந்த வேலை முடிந்தது. மிச்சமிருக்கும் மரியாதையோடு நான் முதலாளியாக இருந்துவிட்டுப் போகிறேன், கூட்டிக்கொண்டு போங்கள்.

உங்கள் மாமியாரும் ஆசி சொல்லச் சொன்னாள். அவள் மகள் கட்சி, ஆனாலும் ஆசி ஆசிதானே. நீங்கள் சகல சௌபாக்கியங்களோடும், முடிந்தால் இந்த வாரத்துக்குள்ளேயே, இங்கு வந்துசேர வாழ்த்தும்

உங்கள் மாமனார்

பி.கு.: உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது அவளே வந்து, "வேலை முடிஞ்சுதுப்பா, நாளைக்குக் கிளம்பட்டுமா?" என்றாள். சந்தோஷமாகப் போய் வா என்று சொல்ல வாயெடுத்தவன், பசை தேடுவதையே விட்டுவிட்டேன். அவள் கல்யாணமாகிப் போன பிறகு இந்தப் பட்டறையில் என்னை எதிர்த்து ஒருத்தரும் பேசியதில்லை. அது எவ்வளவு சப்பென்று இருந்தது என்பது இப்போதுதான் உறைக்கிறது. யோசித்துச் சொல்கிறேன் என்று நேராகப் பாய்லர் பக்கம் போனேன். திரும்பி வந்து, "புகைபோக்கியைப் பார்த்தியாம்மா?" என்றேன். வெளியே வந்து பார்த்தாள். புகை திரள் திரளாகப் போய்க்கொண்டிருந்தது. "இதை எப்படிப்பா கவனிக்காம விட்டேன்? சரிபண்ண ஆறு மாசமாவது ஆகுமே" என்று கட்டிய பையை அவிழ்க்கப் போய்விட்டாள். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிட்டு, நீங்களும் லீவு போட்டுவிட்டு இங்கேயே வந்துவிடுங்கள். பாய்லரில் ஈரக்கட்டையைப் போட்டது யாரென்று மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள். இரண்டே இரண்டு கட்டைதான்.